துணியைக் கற்றலும் தொழிலைக் கற்றலும்
(ஆடைத் தொழிற் பயிற்சிக்குத் தேவனாம்பட்டினம் தரும் பாடம்)

முன்னுரை

பட்டச் சான்றிதழ் கைக்கு வருமுன்பே மாணவர் ஏதேனும் ஒரு தொழிலகத்தில் சில வாரமோ சில திங்களோ இருந்து பழகி வரவேண்டும் என்னும் ஏற்பாடு இன்று கல்லூரிகளில் பரவலாகிவிட்டது. பல்கலைக்கழக மானியக் குழு, தொழிற்பழகுநர் பயிற்சியையும் உள்ளகப் பயிற்சியையும் பட்டப் படிப்புடன் இணைப்பதற்கான நெறிமுறைகளை 2020-ஆம் ஆண்டில் வெளியிட்டது. மாணவரைத் தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தமிழ்நாட்டரசு 2022 மார்ச் முதல் நாள் தொடங்கியது. இவ்வாறு பழகச் செல்லும் துறைகளுள் ஆடை வடிவமைப்பும் ஆயத்த ஆடைத் தொழிலும் நம் மாணவரை, சிறப்பாக மாணவியரை, பெரிதும் ஈர்க்கின்றன.

ஈர்ப்பு நன்றே. எனினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பயிற்சி என்னும் பெயரால் நடைபெறுவது கல்வியா? அன்றிக் குறைந்த கூலிக்குக் கிடைக்கும் உழைப்பா? இவ்விரண்டும் ஒரே கூரையின்கீழ், ஒரே பெயரோடு நடைபெறக் கூடும் என்பதே இதிலுள்ள இடர்ப்பாடு. இதற்கு விடை தேட நாம் மிலான் நகருக்கோ பாரிசுக்கோ போக வேண்டியதில்லை. கெடிலம் கடலொடு கலக்குமிடத்தில், தேவனாம்பட்டினத்திலேயே முந்நூறு ஆண்டுக்கு முன் ஒரு துணிப் பள்ளி நடந்தது. அதில் கற்றவர் யார், கல்லாது விடப்பட்டவர் யார் என்று நோக்கினால் நம் வினாவுக்கு விடை கிடைக்கும்.

சொல்லும் பொருளும்

தமிழ்த்துறை மலரில் ஆடைத் தொழிலுக்கு என்ன இடம் என்று எண்ணுவோர் உண்டு. ஆடைக்குரிய நம் சொற்களே அதற்கு விடை கூறும். துணித்து எடுக்கப்படுவது துணி, துண்டாக்கப்படுவது துண்டு, அறுத்து எடுக்கப்படுவது அறுவை. தறியினின்று வெட்டி எடுக்கும் செயலே இச்சொற்களின் பிறப்பிடம். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் துணி விற்கும் தொழிலைத் தம் பெயரோடு சேர்த்தே வழங்கப்பெற்றவர். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தைக் கூறுமிடத்து, நெய்வோராகிய காருகரையும் தைப்போராகிய துன்னகாரரையும் தனித்தனியே குறிக்கின்றது. நெய்பவர் வேறு, தைப்பவர் வேறு, விற்பவர் வேறு என்னும் பிரிவு நம்மிடம் மிகப் பழைமையானது.

பழகுதல் என்னும் சொல்லும் எண்ணத்தக்கது. ஒரு தொழிலைச் செய்துகொண்டே அதனை அறிதல் பழகுதல் ஆகும். சட்டம் இன்று 'தொழிற்பழகுநர்' என்று வழங்குவது இப்பொருளிலேயே. கல்லூரி தன் பாடத்தின் பகுதியாகக் குறுகிய காலத்துக்கு மாணவரை அனுப்புவது உள்ளகப் பயிற்சி. தொழிலகத்தார் எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில், உதவித்தொகை கொடுத்து, குறித்த காலம் பழக்குவது தொழிற்பழகுநர் பயிற்சி. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் குழப்பத்தைப் பின்னர்க் காண்போம்.

தேவனாம்பட்டினத்துத் துணிப் பள்ளி

டச்சுக்காரர் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தேவனாம்பட்டினத்தை நாடி வந்தனர். அவர்களை இழுத்தது இப்பகுதியின் பருத்தித் துணி. கிழக்கிந்தியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்க, பொன்னினும் வெள்ளியினும் சோழமண்டலக் கரைத் துணியே மிகுதியாகச் செலாவணி ஆயிற்று. பின்னர் 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் செஞ்சி மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கினர். கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுமோ அவ்வளவு நிலமும் வாங்குவோர்க்கு உரியது என்பது உடன்பாடு. அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் நாற்புறமும் பீரங்கி சுடப்பெற்றது. அவ்வெல்லைக்குள் அடங்கிய ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனப் பெயர் பெற்றன. கடலூரும் அவற்றுள் ஒன்று. செயின்ட் டேவிட் கோட்டை எனப் பெயரிடப்பட்ட இக்கோட்டை, சென்னை பிரெஞ்சுக்காரர் வசமானபோது, 1746 முதல் 1752 வரை கிழக்குக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாகவும் விளங்கியது.

கோட்டை என்றவுடன் நம் நினைவில் போர் வரும். ஆயின் அதன் அன்றாட அலுவல் துணி கொள்முதலே. கும்பினியார் உள்ளூர் வணிகரோடு ஒப்பந்தம் செய்து முன்பணம் கொடுப்பர். வணிகர் அப்பணத்தை நெசவாளர்க்குக் கொடுப்பர். நெய்து வந்த துணி கோட்டைக் கிடங்குக்கு வரும். அங்கே வைத்திருக்கும் மாதிரித் துணியோடு அதனை ஒப்பிட்டு, நீளம், அகலம், இழை நெருக்கம், நயம் ஆகியன பார்த்து முதல் தரம், இரண்டாம் தரம் எனப் பிரிப்பர். மாதிரிக்கு ஒவ்வாதது திருப்பப்படும், அல்லது விலை குறைக்கப்படும். ஏற்கப்பட்டது வெளுத்துக் கட்டி மூட்டையாகிக் கப்பலேறும்.

இங்கேதான் பள்ளி நடந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் முதலில் 'எழுத்தர்' என்னும் நிலையில் அமர்த்தப்பட்டனர். கணக்கு எழுதுவதும் கடிதம் படியெடுப்பதும் அவர்தம் பணி. மூத்த அலுவலரோடு கிடங்கில் நின்று துணியையும் அதன் விலையையும் அறிவது அவர்தம் கல்வி. எழுத்தர் ஐந்தாண்டு பழகிய பின் 'ஃபாக்டர்' எனப்படும் முகவராகவும், அதன்பின் இளநிலை வணிகராகவும், முதுநிலை வணிகராகவும் படிப்படியாக உயர்ந்தனர். எழுத்தரின் ஊதியம் ஆண்டுக்கு ஐந்து பவுன் என்னும் மிகச் சிறு தொகை. சென்னை வீழ்ந்தபின் தப்பி இக்கோட்டைக்கு வந்த ராபர்ட் கிளைவும் அவ்வாறு எழுத்தராகத் தொடங்கியவரே. 1756-இல் இக்கோட்டையின் ஆளுநராகவே திரும்பி வந்தார்.

அவர்தம் ஆட்சி விளைத்த கேட்டினை நாம் மறக்கவில்லை. எனினும் அவர்தம் பயிற்சி முறையில் நாம் கருத வேண்டிய ஒன்று உண்டு. அந்த இளைஞன் தறியில் அமர்ந்து ஒரு முழம் துணியும் நெய்தறியான். ஆனால் எந்த ஊர்த் துணி எந்தத் துறைமுகத்தில் என்ன விலைக்குப் போகும், எந்தக் குறையிருந்தால் வாங்குவோன் மறுப்பான், முன்பணம் எவ்வளவு, கப்பற்கூலி எவ்வளவு, எஞ்சும் ஆதாயம் எவ்வளவு என்னும் முழுத் தொடரையும் அவன் கற்றான். நெசவாளரோ பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா ஆகிய அனைத்திலும் ஈடிணையற்ற தேர்ச்சி பெற்றிருந்தார். தாம் நெய்த துணி இலண்டனில் என்ன விலைக்கு ஏலம் போயிற்று என்பதை அவர்க்குச் சொல்வார் இலர். கைத்திறன் ஒரு பக்கமும் தொழிலறிவு மறு பக்கமுமாகப் பிரிந்து நின்றன.

பிரிந்ததன் விளைவு யாது? 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாங்குவோர் பலராயிருந்தனர். ஒருவர் விலை பிடிக்காவிடின் நெசவாளர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து மற்றொருவரிடம் செல்ல இயன்றது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் போட்டியாளர் அடங்கினர். கும்பினியார் இடைநின்ற வணிகரை விலக்கி நெசவாளரை நேரே தம் பிடிக்குள் கொணர்ந்தனர். கடலூர்ப் பகுதி நெசவாளர் எதிர்த்துப் போராடியும் தம் விலையைத் தாமே பேசும் ஆற்றலை இழந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் மாஞ்செஸ்டர் ஆலைத்துணி வந்து குவிந்தபோது மாற்றுச் சந்தை தேட அவர்க்கு வழி தெரியவில்லை. ஒரு பகுதியை மட்டும் கற்றவர், தொடர் முழுவதையும் கற்றவரின் தயவில் வாழ நேர்ந்தது என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

பரங்கிப்பேட்டையில் பழகிய ஒருவர்

இதற்கு மாறான சான்றும் நம் மாவட்டத்திலேயே உண்டு. சிதம்பரத்துக்கு அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டை, மகமூது பந்தர் என்றும் வழங்கப்பெற்ற பழந்துறைமுகம். தமிழ் முஸ்லிம் மரக்கலத்தார் இங்கிருந்து துணிப்பொதிகளை மலாய்க் கரைக்கும் சுமத்திராவுக்கும் கொண்டு சென்றனர். இவ்வூரிலிருந்த பிரெஞ்சு வணிக நிலையத்தை நடத்தும் பொறுப்பு, 1709-இல் பிறந்த ஆனந்தரங்கப் பிள்ளையிடம் அவர்தம் இளமையிலேயே ஒப்படைக்கப்பட்டது. அவர் அந்நிலையத்தை ஆதாயமுடையதாக்கினார். ஐரோப்பியச் சரக்கையும் உள்நாட்டுச் சரக்கையும் மாற்றிக்கொள்ள ஆர்க்காட்டிலும் லாலாபேட்டையிலும் தம் செலவில் வணிக நிலையங்கள் அமைத்தார். பின்னாளில் புதுச்சேரியில் தலைமைத் துபாஷியாக உயர்ந்தார்.

அவர் செய்த மற்றொன்று தமிழ் மாணவர்க்கு மிகவும் உரியது. 1736 முதல் 1761 வரை நாள்தோறும் கண்டதையும் கேட்டதையும் அவர் தமிழில் எழுதி வைத்தார். வந்த கப்பல், இறங்கிய சரக்கு, பேசிய விலை, கேட்ட செய்தி யாவும் அந்நாட்குறிப்பில் உள்ளன. தொழிலகத்தில் பழகச் செல்லும் மாணவர் கையில் ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த முன்னுதாரணம் வேண்டா.

திருப்பூரின் இரு முகங்கள்

பழைய வரலாற்றினின்று இக்காலத்துக்கு வருவோம். இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேற்பட்ட பங்கினைத் தருவது திருப்பூர். அங்கே முதல் பின்னலாடை நிறுவனம் குலாம் காதர் என்பவரால் 1925-இல் தொடங்கப்பெற்றதாக அந்நகர வரலாறு கூறுகின்றது. உள்நாட்டுக்குரிய வெள்ளைப் பனியனில் தொடங்கிய ஊர், 1970-களின் பிற்பகுதியில் இத்தாலிய வணிகரின் வருகையால் ஏற்றுமதிப் பாதையில் இறங்கியது. 1990-இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது.

இந்நகரைப் பற்றி ஷரத் சாரி எழுதி 2004-இல் வெளிவந்த ஆய்வு நூல், பனியன் கம்பெனிகளில் தொழிலாளராய்ச் சேர்ந்தவர் பலர் பின்னாளில் உரிமையாளர் ஆனமையை விளக்குகின்றது. வேளாண்மைக் குடியிலிருந்து வந்த அவர்கள் முதலில் உதவியாளராக நின்று, பின் இயந்திரம் ஓட்டி, கட்டிங் பழகி, சரக்குக் கணக்கு அறிந்து, கூட்டாளிகளோடு சேர்ந்து சிறு கம்பெனி தொடங்கினர். அவர்க்குச் சான்றிதழ் இல்லை. ஆயின் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகரும் வாய்ப்பு இருந்தது. அதுவே பயிற்சியின் ஒரு முகம்.

மற்றொரு முகத்தையும் மறைக்காமல் கூறவேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஒரு முறை பரவியது. வறிய குடும்பத்து இளம்பெண்கள் மூன்றாண்டுக்குப் 'பயிற்சியாளர்' என்று சேர்க்கப்பட்டனர். அன்றாடக் கூலியைக் குறைத்து, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கென முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தத் தொகை தருவதாகச் சொல்லப்பட்டது. இடையில் நோயுற்று வெளியேறியோர்க்கு அத்தொகை கிட்டாமற் போனதும், விடுதியினின்று வெளியே செல்லவும் தடையிருந்ததும் பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளன. 2011-இல் நெதர்லாந்து நாட்டு ஆய்வமைப்புகள் வெளியிட்ட அறிக்கையால் இச்செய்தி உலகறிந்ததாயிற்று.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. ஒரே இயந்திரத்தின் முன் நின்று இழை அறுந்தால் முடிச்சிடும் வேலையைக் கற்க எத்தனை நாள் வேண்டும்? சில வாரம் போதும். எஞ்சிய காலம் முழுவதும் அது பயிற்சியன்று, வேலை. வேலைக்கு வேலையின் கூலி உரியது. அதனைப் பயிற்சி என்று பெயர் மாற்றினால் கூலி குறைகிறதேயன்றிக் கல்வி கூடுவதில்லை.

சட்டம் கூறுவது

தொழிற்பழகுநர் சட்டம் 1961-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. தொடக்கத்தில் தொழிற்பள்ளி மாணவர்க்கும், பின்னர்ப் பொறியியல் பட்டதாரி, பட்டயதாரிகட்கும் பயன்பட்ட இச்சட்டம், 2014-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கலை, அறிவியல் பட்டதாரிகட்கும் வாயில் திறந்தது. இதன்கீழ்ப் பழகச் சேர்வோர் தொழிலகத்தாரோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். அது பதிவு செய்யப்பெற வேண்டும். பழகுநர் சட்டப்படி தொழிலாளர் அல்லர், கற்பவர். ஆதலின் அவர்க்குக் கற்பிப்பது தொழிலகத்தாரின் கடமையாகின்றது. பயிற்சியின்போது விபத்து நேரின் இழப்பீடு பெறும் உரிமை உண்டு. பயிற்சி முடிந்தபின் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்னும் கட்டாயம், ஒப்பந்தத்தில் எழுதப்பட்டாலன்றி, இல்லை. இதனை முன்னரே அறிந்து சேர்ந்தால் பின்னர் ஏமாற்றம் இராது.

முப்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநரைச் சேர்ப்பது கட்டாயம் என்று 2019-இல் திருத்தப்பெற்ற விதிகள் கூறின. குறைந்த அளவு உதவித்தொகையாக மேல்நிலைக் கல்வி முடித்தோர்க்குத் திங்களுக்கு ரூ. 7,000, பட்டதாரிக்கு ரூ. 9,000 என்று அவ்விதிகள் நிர்ணயித்தன. சேரும் நாளில் நடைமுறையிலுள்ள தொகையைக் கேட்டறிந்து, அதனை ஒப்பந்தத்தில் கண்ணாரக் கண்டபின் கையொப்பமிடுதல் வேண்டும். 2016-இல் தொடங்கப்பெற்ற தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் உதவித்தொகையில் நான்கில் ஒரு பங்கை, ரூ. 1,500-க்கு மேற்படாமல், மைய அரசே ஏற்கும் ஏற்பாடும் வந்தது. ஆகவே 'எங்களால் கொடுக்க இயலாது' என்னும் சொல்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

கல்லூரி அனுப்பும் குறுகிய கால உள்ளகப் பயிற்சிக்கு இந்த ஒப்பந்தக் காப்பு தானாக வருவதில்லை. அங்கே காப்பாக நிற்க வேண்டியது கல்லூரி. எத்தனை நாள், எந்தெந்தப் பிரிவு, யார் கற்பிப்பார், நாளொன்றுக்கு எத்தனை மணி என்பவற்றைக் கல்லூரி கடிதம் மூலம் உறுதி செய்த பின்னரே மாணவரை அனுப்புதல் முறை.

முப்பது நாளில் கற்க வேண்டுவன

ஆடைத் தொழிலகத்துள் நுழையும் மாணவர் கண்ணைக் கவரும் இயந்திரங்களைக் கண்டு மயங்கி நின்றுவிடலாகாது. முதலில் வாயில்களைப் பார்க்க வேண்டும். 1911-இல் நியூயார்க் நகரத்து டிரையாங்கிள் ஆடைத் தொழிலகத்தில் தீப்பற்றியபோது வெளியேறும் கதவு பூட்டப்பட்டிருந்தமையால் தப்ப வழியின்றி மாண்டோர் பலர். இறந்தவர் தொகை 146. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவரில் வெடிப்பு கண்டும் தொழிலாளர் மறுநாள் உள்ளே அழைக்கப்பட்டனர். அவசர வழி எங்குள்ளது, அது திறந்திருக்கின்றதா என்று அறிவது முதல் நாளின் முதற் பாடம்.

அடுத்துத் துணியை அளக்கக் கற்க வேண்டும். பின்னலாடைத் துணியின் கனத்தை 'ஜி.எஸ்.எம்.' என்பர், ஒரு சதுர மீட்டர்த் துணியின் எடை எத்தனை கிராம் என்பது அதன் பொருள். வட்ட வெட்டுக்கருவியால் 100 சதுர சென்டிமீட்டர் அளவுள்ள துண்டை எடுத்து நிறுத்து, வரும் எடையை நூறால் பெருக்க வேண்டும். துண்டு 1.6 கிராம் இருப்பின் துணி 160 ஜி.எஸ்.எம். ஆகும். வாங்குவோர் 180 கேட்டிருக்க 160 வந்தால் அச்சரக்கு முழுவதும் திருப்பப்படலாம்.

நெய்த துணியைச் சோதிக்க நாற்புள்ளி முறை உண்டு. மூன்று அங்குலத்துக்குட்பட்ட குறைக்கு ஒரு புள்ளி, ஆறு அங்குலம் வரை இரண்டு, ஒன்பது வரை மூன்று, அதற்கு மேல் நான்கு. நூறு சதுர கெசத்தில் நாற்பது புள்ளிக்கு மேற்படின் துணியைப் பொதுவாக ஏற்பதில்லை. செயின்ட் டேவிட் கோட்டைக் கிடங்கில் மாதிரியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்த அதே வேலைதான் இது. அன்று அளவுகோல் வாங்குவோன் கையில் மட்டும் இருந்தது; இன்று அதனை நம் மாணவர் கற்கலாம். வேற்றுமை அதுவே, அது சிறிய வேற்றுமையன்று.

பின்னர் நேரத்தைக் கணக்கிடக் கற்க வேண்டும். ஒரு சட்டையைத் தைத்து முடிக்கும் உழைப்பு பன்னிரண்டு நிமிடம் என்று கொள்வோம். முப்பது பேர் ஒரு நாளில் 480 நிமிடம் பணிபுரிந்தால் மொத்தம் 14,400 நிமிடம். சிறிதும் தடையின்றி நடந்தால் 1,200 சட்டை வரவேண்டும். நூல் அறுதல், துணி வரத் தாமதம், தையல் பிரித்துத் தைத்தல் ஆகியவற்றால் அறுபது விழுக்காடே நடந்தால் 720 சட்டைதான் வரும். ஒரு சட்டைக்குத் தையற்கூலி எவ்வளவு கட்டும் என்பது இக்கணக்கிலிருந்தே பிறக்கின்றது. இக்கணக்கை அறிந்த பழகுநர், தொழிலாளியின் வேகத்தை மட்டும் குறை கூறமாட்டார். துணி ஏன் தாமதமாயிற்று என்றும் கேட்பார்.

எழுத்தையும் கற்க வேண்டும். ஆடையின் கழுத்தில் தைக்கப்படும் சிறு துண்டில் சலவைக் குறிப்பு இருக்கும். அது எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குச் 'சென்னைக் கட்டம்' தரும் கதை ஒன்று உண்டு. 1958-இல் அமெரிக்க வணிகர் ஒருவர் சாயம் போகக்கூடிய சென்னைக் கட்டத்துணியை இந்திய ஏற்றுமதியாளர் சி.பி. கிருஷ்ணன் நாயரிடம் வாங்கிச் சென்றார். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டும் என்னும் குறிப்பு வாங்கியோர்க்குச் சென்று சேரவில்லை. புகழ்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் ஆடை வாங்கியோர் இயந்திரத்தில் துவைக்க, சாயம் ஓடிற்று. வழக்கு வரும் என்று அஞ்சிய நிலையில், 'சாயம் போவதே இதன் சிறப்பு' என்று விளம்பரம் செய்து தப்பினர் என்பர். அன்று விளம்பரம் காத்தது. எல்லா நாளும் அவ்வாறு காக்கும் என்று நம்புதற்கில்லை. ஒரு வரிக் குறிப்பை ஒழுங்காக எழுதுவதும், அயல்மொழியில் வரும் குறிப்பைத் தைப்பவர்க்கு விளங்கும் தமிழில் சொல்வதும் இத்தொழிலின் உயிர்நாடி. தமிழ் கற்ற மாணவர்க்கு இங்கே செய்யத்தக்க பணி நிரம்ப உண்டு. கட்டிங் மேசையில், பவர் டேபிளில், செக்கிங் பிரிவில் தொழிலாளர் வழங்கும் சொற்களைத் தொகுத்துப் பொருளெழுதி வருவதும் ஒரு சிறந்த ஆய்வேடாகும்.

நீரையும் நோக்க வேண்டும். சாயக்கழிவு நொய்யலைக் கெடுத்ததன் விளைவாக, சென்னை உயர் நீதிமன்றம் 2011 சனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத முறைக்கு மாறிய பின்னரே அவை மீண்டும் இயங்கலாயின. கெடிலத்தின் கழிமுகத்தில் வாழும் நாம், ஆடையின் நிறம் எங்கிருந்து வந்தது என்பதோடு அந்நிறம் கலந்த நீர் எங்கே போயிற்று என்றும் கேட்கப் பழக வேண்டும்.

தொலைவில் உள்ள ஊர்க்குச் செல்ல வாய்ப்பில்லாதோர் அருகிலேயே தொடங்கலாம். நம் மாவட்டத்துக் குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலிக்குப் பெயர் பெற்றது. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் கைத்தறிக்கென ஒதுக்கிய பொருள்களுள் கைலியும் ஒன்று. பாவு ஓட்டுவது முதல் கட்டத்தின் நிறம் தேர்ந்து, மடித்து, முத்திரையிட்டு, கடைக்கு அனுப்பும் வரை முழுத் தொடரையும் ஓர் ஊரிலேயே காணலாம். மேற்படிப்பை நாடுவோர்க்குச் சேலத்தில் 1960-இல் தோன்றிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும், சென்னைத் தரமணியில் 1995 முதல் இயங்கும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனமும் உள்ளன.

மகளிரும் பெற்றோரும்

மகளைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோரைப் பழைமை விரும்பிகள் என்று எள்ளி நகையாடுதல் எளிது. அவர்தம் அச்சத்துக்குக் காரணம் உண்டு என்பதை மேற்கூறிய நூற்பாலைச் செய்திகளே காட்டும். அச்சத்தைப் போக்கும் வழி வீட்டிலிருத்தலன்று, கேட்டறிந்து அனுப்புதலே. பணியிடத்தில் மகளிர்க்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பயிற்சி பெறுவோரையும் பழகுநரையும் தன் காப்புக்குள் கொண்டுள்ளது. பத்துப் பேரும் மேலும் பணிபுரியுமிடத்தில் உள்ளகக் குழு இருத்தல் வேண்டும். அக்குழுவில் உள்ளோர் யார் என்று கேட்பது பெற்றோரின் உரிமை; கேட்டவுடன் சொல்ல இயலாத நிறுவனத்துக்கு மகளை அனுப்பாதிருப்பது அறிவுடைமை. தங்குமிடம், போக்குவரத்து, வீட்டோடு தொலைபேசியில் பேசும் நேரம் ஆகியவற்றையும் முன்கூட்டியே உறுதி செய்தல் நன்று.

சமுதாயப் பெரியோர் பலர் துணிக்கடையும் தையலகமும் ஏற்றுமதி நிறுவனமும் நடத்துகின்றனர். அவர்கட்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு இரண்டு மாணவரையேனும் ஏற்று, ஒரு மேசையிலேயே நிறுத்தி வைக்காமல், கொள்முதல், தரம் பார்த்தல், கணக்கு, விற்பனை என்று சுழற்றிக் கற்பியுங்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுத்தல் வேண்டும் என்னும் நெறியை நன்கறிந்தவர்கள் நீங்கள். அந்நெறி கற்றுக்கொண்டே உழைப்பவர்க்கும் பொருந்தும்.

முடிவுரை

தேவனாம்பட்டினத்தில் இன்று கோட்டையின் சிதைவுகளே எஞ்சியுள்ளன. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அதனைக் கைப்பற்றித் தகர்த்தார். ஆயின் அக்கிடங்கில் நடந்த பாடம் சிதையவில்லை. துணியை மட்டும் கற்றவர் துணியோடு நின்றார். தொழிலைக் கற்றவர் துணியின் விலையை வகுத்தார். நம் மாணவர் இரண்டையும் கற்க வேண்டும். கைத்திறனை இழிவாகக் கருதிக் கணக்கை மட்டும் நாடினால் அது பழைய கும்பினி எழுத்தரின் கல்வி. கைத்திறனோடு அமைந்துவிட்டால் அது விலை பேச இயலாத நெசவாளரின் நிலை.

ஆகவே பயிற்சி முடித்து வரும் மாணவரை, எந்த நிறுவனத்தில் இருந்தீர் என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டா. 'சேர்ந்த நாளில் நீர் அறியாத எதனை இன்று அறிந்துள்ளீர்? உமக்கு அடுத்த மேசையில் நடக்கும் வேலை யாது? நீர் தொட்ட ஆடை எங்கே, என்ன விலைக்குப் போயிற்று?' என்னும் மூன்று வினாக்களைப் பெற்றோரும் ஆசிரியரும் கேட்க வேண்டும். மூன்றுக்கும் விடை கூற வல்லவர் பெற்றதே பயிற்சி. விடை கூற இயலாதாயின், குறை மாணவருடையதா, கற்பிக்காத தொழிலகத்தாருடையதா, விசாரியாமல் அனுப்பிய நம்முடையதா என்று ஆராய்ந்து, அடுத்த ஆண்டு மாணவரை அனுப்புமுன் அதனைத் திருத்திக்கொள்வோமாக.